"அக்கா, எங்க பல்லு மட்டும் ஏன் இப்படி?"

வாசகியின் கடிதம்:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்குப் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். பி.எஸ்சி. நர்சிங் முதலாண்டு படிக்கிறேன். கத்தோலிக்கக் குடும்பம். ஞாயிறு பூசைக்குப் பிறகு சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன். மே மாத விடுமுறை வகுப்பில் "நம் உடல் கடவுளின் கொடை" என்ற தலைப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் அனாட்டமியை (உடற்கூறியலை) வைத்தே நடத்தலாம் என்று நினைத்தேன். ஆனால் படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. ஆணுக்கு ஒரு விலா எலும்பு குறைவு என்று சின்ன வயதில் சொல்லிக் கொடுத்தார்கள். வகுப்பில் இருவருக்கும் 24 என்கிறார்கள். லாமினின் என்ற புரதம் சிலுவை வடிவத்தில் இருப்பதாக வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பெரிய சார்ட்டாக வரைந்திருக்கிறேன். அதை மாட்டலாமா? அனாட்டமி ஹாலுக்குக் கூட்டிப்போன அன்று இரவு நான் தூங்கவில்லை. அறுக்கப்பட்ட அந்த உடல் உயிர்ப்பின் நாளில் என்ன ஆகும்? போன வாரம் "உன்னைக் கடவுள் அழகாகப் படைத்தார்" என்று சொன்னபோது, பல்லெல்லாம் பழுப்பாக இருக்கும் ஒரு பையன் எழுந்து, "அக்கா, அப்ப எங்க பல்லு மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

பின்குறிப்பு: அம்மாவுக்குச் சர்க்கரை. ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போய் வந்ததிலிருந்து மூன்று வாரமாக மாத்திரை போடுவதில்லை. நன்றாகத்தான் இருக்கிறார். உங்கள் மகளாக நினைத்துப் பதில் எழுதுங்கள்.

பதில்:

அன்பு மகளே,

நீ பின்குறிப்பில் எழுதியதிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். மற்றதெல்லாம் மே மாதம் வரை பொறுக்கும். அம்மாவின் மாத்திரை பொறுக்காது.

"நன்றாகத்தான் இருக்கிறார்" என்று எழுதியிருக்கிறாய். சர்க்கரை நோயில் நான் பயப்படுவது இந்த வார்த்தைக்குத்தான். சர்க்கரை ஏறும்போது வலிக்காது. கண்ணின் விழித்திரையிலும் சிறுநீரகத்திலும் பாதத்திலும் உள்ள நுண்ணிய ரத்தக்குழாய்களும் நரம்புகளும் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கும். பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டால், மாந்தோப்பில் முள் குத்தினாலும் தெரியாது, சித்திரை வெயிலில் தார் ரோடு சுட்டாலும் தெரியாது. புண் பெரிதான பிறகுதான் தெரியும்.

பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் பெயரை உன் ஆசிரியர்கள் சொல்லியிருக்கலாம். 1914-ல் நம் பக்கத்துக் கொல்லிமலையில் ஒரு மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர். தொழுநோயாளியின் விரல்களை நோயே தின்றுவிடுகிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்படியில்லை, நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால் அவர்கள் அறியாமலேயே சுட்டும் வெட்டியும் காயம்பட்டும் விரல்கள் அழிகின்றன என்று வேலூர் சி.எம்.சி.யில் வேலை செய்தபோது கண்டு சொன்னார். பிற்காலத்தில் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் அதே பாடத்தைப் பயன்படுத்தினார். வலியைக் கடவுளின் கொடை என்று பேசிய ஜெப மனிதர் அவர். உன் அம்மாவுக்கு ஒரு டாக்டரின் கதையாக வேண்டாம், ஒரு விசுவாசியின் கதையாக இதைச் சொல்.

நாளைக் காலையில் வெறும் வயிற்றோடு அம்மாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போ. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் பார்க்கட்டும். பாதத்தை நீயே வெளிச்சத்தில், விரல் இடுக்கு உட்படப் பார். ஹெச்பிஏ1சி பரிசோதனை எடுக்க முடிந்தால் நல்லது. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள் என்பதால், கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியை அது காட்டிவிடும். விட்ட மாத்திரையைச் சேர்த்து இரண்டு இரண்டாகக் கொடுத்துவிடாதே. அளவை மருத்துவர் சொல்லட்டும். அதிகத் தாகம், வாந்தி, மூச்சு வாங்குதல், அசதியோடு மயக்கம் இவற்றில் எது வந்தாலும் காலைவரை காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போய்விடு. உபவாச ஜெப நாள் உண்டென்றால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல். சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். நோயாளிக்கு உபவாசக் கடமை இல்லை என்பது திருச்சபையின் ஒழுங்கு. பங்குத்தந்தையிடமே கேட்டுக்கொள்ளலாம்.

அப்புறம், மாத்திரை போடுவது அவிசுவாசம் என்ற பேச்சு. ஜெபக்கூட்டத்தாரோடு நீ சண்டைக்குப் போகாதே. அம்மாவோடு உட்கார்ந்து இரண்டு பகுதிகளை வாசி. இரண்டுமே 38-ஆம் அதிகாரம், நினைவில் வைக்கச் சுலபம். ஒன்று நம் பைபிளில் உள்ள சீராக் நூல். நோய் வந்தால் ஆண்டவரிடம் மன்றாடு என்றும், மருத்துவருக்கு உரிய இடத்தைக் கொடு என்றும் ஒரே அதிகாரம் ஒரே மூச்சில் சொல்கிறது. நிலத்திலிருந்து மருந்தை உண்டாக்கியவரே ஆண்டவர்தான் என்றும் சொல்கிறது. ஜெபக்கூட்டத்தார் கத்தோலிக்கர் அல்லாதவர்கள் என்றால், அவர்கள் வைத்திருக்கும் பைபிளில் சீராக் இருக்காது. அவர்களுக்காகவே எசாயா 38. எசேக்கியா அரசர் அழுது மன்றாடினார். இன்னும் 15 ஆண்டு ஆயுள் தருகிறேன் என்று கடவுளே வாக்குக் கொடுத்தார். அந்த வாக்குக்குப் பிறகும் இறைவாக்கினர் என்ன சொன்னார்? அத்திப்பழ அடையை எடுத்துப் பிளவையின்மேல் வைத்துக் கட்டச் சொன்னார். ராஜபிளவை என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்களே, உன் அம்மாவுக்கு அந்த வார்த்தை தெரிந்திருக்கும். சர்க்கரைக்காரர்களுக்கு முதுகிலும் கழுத்திலும் வரும் பெரிய கட்டி. அந்த இடம் வரும்போது கொஞ்சம் நிறுத்தி வாசி.

மாத்திரை வாங்க அலைவதுதான் சலிப்பு என்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். 2021 ஆகஸ்ட்டில் அந்தத் திட்டம் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான்.

சரி, இனி உன் வகுப்பு.

விலா எலும்பு இருவருக்கும் 12 ஜோடிதான். எங்கோ சிலருக்குக் கழுத்துப் பக்கம் ஒன்று கூடுதலாக இருக்கும். அது ஆண் பெண் வேறுபாடு அல்ல. உனக்கு வந்த இந்தக் குழப்பம் பழையது. பிரஸ்ஸல்ஸில் பிறந்து, இத்தாலியின் பதுவாவில் பாடம் நடத்திய வெசாலியஸ், 1543-ல் மனித உடல் அமைப்பைப் பற்றிய தன் பெரிய நூலை வெளியிட்டபோது அவருக்கு வயது 28. அதுவரை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக எல்லோரும் காலன் என்ற பழங்காலக் கிரேக்க மருத்துவர் எழுதியதையே ஒப்பித்தார்கள். காலனோ பெரும்பாலும் குரங்கையும் மற்ற விலங்குகளையும் அறுத்துப் பார்த்து எழுதியவர். வெசாலியஸ் தன் கையாலேயே மனித உடலை அறுத்து எண்ணினார். ஆணுக்கு ஒரு விலா குறைவு என்ற பேச்சைச் சிரிப்புக்குரியது என்று எழுதினார். அவர் கடவுளை மறுத்தவர் அல்ல. 1564-ல் எருசலேமுக்குத் திருப்பயணம் போய்த் திரும்பும் வழியில் இறந்தார்.

தொடக்க நூலை நிதானமாக வாசித்துப் பார். ஆதாமின் விலா எலும்பு ஒன்றை எடுத்தார் என்று இருக்கிறது. அவன் பிள்ளைகளுக்கெல்லாம் ஒன்று குறைந்தது என்று எங்கும் இல்லை. நெல் அறுக்கும்போது அப்பாவின் விரல் போனால், பிறகு பிறக்கும் பிள்ளை ஒன்பது விரலோடா பிறக்கிறது? அங்கே விலா என்று பெயர்த்திருக்கும் எபிரேயச் சொல்லுக்குப் பக்கம் என்ற பொருளும் உண்டு. விடுதலைப் பயண நூலில் உடன்படிக்கைப் பேழையின் பக்கங்களைச் சொல்ல அதே சொல்தான் வருகிறது. பிள்ளைகளிடம் இதையெல்லாம் விளக்க வேண்டாம். அவரவர் விலாவை அவரவர் கையால் தடவி எண்ணச் சொல். பையன்களும் பெண்பிள்ளைகளும் ஒரே எண்ணிக்கையில் வந்து நிற்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் தொங்கும் ஆட்டுக்கு 13 ஜோடி என்றும் சொல். வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்க்காமல் விடமாட்டார்கள்.

லாமினின் சார்ட்டை மாட்டாதே. உழைத்து வரைந்திருப்பாய், எனக்கு வருத்தம்தான். பாடப்புத்தகப் படத்தில் அது சிலுவை போலத்தான் இருக்கும். மூன்று குட்டைக் கை, ஒரு நீளக் கை. ஆனால் அது நெளியும், வளையும். நுண்ணோக்கியில் பார்த்தால் கைகள் பல பக்கமும் திரும்பிக் கிடக்கும். நோயோடு போராடும் ஆன்டிபாடி ஆங்கில 'ஒய்' போல இருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம் சொல்வாய்? இன்னொன்றும் இருக்கிறது. லாமினினில் பிறவிக் குறையோடு பிறக்கும் குழந்தைகள் உண்டு. சிலருக்குத் தொட்ட இடமெல்லாம் தோல் கொப்பளிக்கும். சிலருக்குத் தசையில் பலமே இருக்காது. அது கடவுளின் கையெழுத்து என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, நாளைக்கு வார்டில் அப்படியொரு குழந்தையைத் தூக்கி நிற்கும் தாயிடம் என்ன சொல்வாய்? கையெழுத்துப் போட மறந்துவிட்டார் என்றா? அந்தப் புரதம் செய்யும் வேலையைச் சொல், அதுவே போதும். செல்களை அவை உட்கார்ந்திருக்கும் படலத்தோடு பிடித்து வைக்கிறது. அது இல்லாவிட்டால் தோல் தோலாக நிற்காது.

உடலைப் பற்றி நாம் எதையும் கூட்டிச் சொல்ல வேண்டியதே இல்லை, மகளே. பல ஆண்டு அனாட்டமி நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன். உள்ளதை உள்ளபடி பார்த்தாலே வாய் பேசாமல் நின்றுவிடும். காதுக்குள் இருக்கும் அங்கவடி எலும்பு மூன்று மில்லிமீட்டர்தான், கேழ்வரகு மணி இரண்டைச் சேர்த்து வைத்த அளவு. இதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது. உன் பாடத்தில் ஸ்டென்சன்ஸ் டக்ட் என்று வருமே, கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து வாய்க்குள் திறக்கும் குழாய், அதைக் கண்டுபிடித்த டென்மார்க்குக்காரர் நீல்ஸ் ஸ்டென்சன் யார் தெரியுமா? இதயத்தை உடலின் சூட்டுக்கு உலை என்றும் இன்னும் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அறுத்துப் பார்த்துவிட்டு, இது தசைதான் என்று எழுதினார். இதயத்தின் மாண்பு குறைந்துவிடும் என்று அவர் பயப்படவில்லை. பிறகு குருவானார், ஆயரானார். 1988-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராக அறிவித்தார். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு லாமினினைவிட இவரைச் சொல்.

திருப்பாடல் 139-ஐ எடுத்துக்கொள். "என் உள் உறுப்புகளை உண்டாக்கியவர் நீரே! என் தாயின் கருவில் எனக்கு உரு தந்தவர் நீரே!" இந்த வரியைப் பெரிய பிள்ளைகளுக்கும், முடிந்தால் அவர்களின் அம்மாக்களுக்கும் நடத்தும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல். தாயின் முட்டையில் எப்போதும் எக்ஸ் குரோமோசோம். ஆண் குழந்தையாக்கும் ஒய் வருவது தகப்பனிடமிருந்து. பெண் குழந்தை பெற்றதற்காக மருமகளை ஏசுவதற்கு உடலில் எந்த ஆதாரமும் இல்லை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பிறகு நம் தர்மபுரி மாவட்டத்துக்கும் வந்தது. ஏன் வரவேண்டியிருந்தது என்று உனக்குத் தெரியும். நம் மண்ணில் இந்தத் திருப்பாடலை வாசிப்பவர்கள் இதைச் சொல்லாமல் போகக்கூடாது என்பது என் எண்ணம்.

அனாட்டமி ஹாலைப் பற்றி. நீ தூங்காமல் இருந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. முதல் நாளே தூங்கிவிடுபவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. என் முதலாண்டில் எங்கள் மேசையில் இருந்தது ஒரு வயதான பெண். ஃபார்மலின் நெடியில் கண் எரிந்துகொண்டிருந்தது. அவர் உள்ளங்கையில் காய்ப்பு இருந்தது, கதிர் அறுத்த கை. அந்தக் கையைத்தான் நாங்கள் முதலில் பிரித்துப் படித்தோம். மேசைக்கு வருபவர்களில் சிலர் தாங்களே எழுதிக்கொடுத்தவர்கள். பலர் உரிமை கோர யாரும் வராதவர்கள், அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. இதை நான் உனக்கு மறைக்க விரும்பவில்லை. அதனால்தான் அந்த உடலுக்கு நாம் கூடுதலாகக் கடன்பட்டிருக்கிறோம். அவர்மேல் சிரிப்புப் பேச்சு வேண்டாம், போன் எடுத்துப் படம் பிடிப்பது வேண்டவே வேண்டாம், பார்த்து முடித்ததும் துணியை மூடு. கல்லறைத் திருநாளுக்கு உன் தாத்தா பாட்டி கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றும்போது, பெயர் தெரியாத அவருக்கும் ஒன்று ஏற்று. நான் இன்றுவரை ஏற்றுகிறேன்.

பாவமா என்று கேட்டால், இல்லை. மருத்துவத்துக்காக உடலை ஆராய்வதையும், மனம் உவந்து உறுப்பைக் கொடுப்பதையும் திருச்சபை ஏற்கிறது. உயிர்ப்பைப் பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 15-ஆம் அதிகாரத்தை வாசி. விதைப்பது ஒன்று, முளைத்து வருவது வேறொன்று என்கிறார். கடலில் போனவர்களும் தீயில் போனவர்களும் மண்ணோடு மண்ணானவர்களும் கடவுளின் கையில் இருக்கிறார்கள் என்றால், மேசையில் கிடந்தவரும் இருக்கிறார்.

அந்தப் பையனுக்கு வருகிறேன். உன் கடிதத்தில் என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்தது அவன் கேள்விதான்.

அவன் பல்லுக்கு வந்திருப்பது பெரும்பாலும் ஃப்ளோரோசிஸ். முன் பற்களின் மேலுறையான எனாமல், குழந்தை பிறந்த சில மாதங்களில் தொடங்கி நான்கைந்து வயதுக்குள் ஈறுக்குள்ளேயே உருவாகிவிடுகிறது. அந்தக் காலத்தில் குடிக்கும் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமாக இருந்தால் எனாமல் சரியாகக் கெட்டிப்படாது. பல் முளைத்த பிறகு வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையுமாகத் தெரியும். எனாமலைக் கட்டிய செல்கள் பல் வெளியே வரும்போதே முடிந்துபோவதால், உடல் அதைத் திரும்பச் செப்பனிட முடியாது. ஃப்ளோரைடு எங்கிருந்து வந்தது? கிருஷ்ணகிரி கிரானைட் என்று வெளிநாடுவரை போகிறதே, அந்த வகைப் பாறைகளிலிருந்துதான். போர்வெல் ஆழம் போகப் போக, பாறை இடுக்கில் நெடுநாள் நின்ற தண்ணீர் மேலே வருகிறது. ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்வரை பரவாயில்லை, வேறு வழியே இல்லாவிட்டால் ஒன்றரை. அதற்கு மேல் போனால் முதலில் பல், பல வருடம் குடித்தால் எலும்பு. குனிய முடியாமல், கழுத்தைத் திருப்ப முடியாமல் இருக்கும் பெரியவர்களை நம் கிராமங்களில் பார்த்திருப்பாய். இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களுக்கும் வந்தது.

ஆக, அவன் பல்லைக் கடவுள் கவனக்குறைவாகச் செய்யவில்லை. அவன் பல் விளக்காததாலும் வரவில்லை. அவனிடம் அதை எல்லோர் முன்னாலும் சொல், ஏனென்றால் அவன் எல்லோர் முன்னாலும் கேட்டான். யோவான் 9-ஆம் அதிகாரத்தைத் திற. பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்கிறார்கள். இவர் செய்த பாவமும் அல்ல, பெற்றோர் செய்த பாவமும் அல்ல என்று இயேசு அந்தக் கேள்வியையே தள்ளிவிடுகிறார். தள்ளிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. குனிந்து சேறு குழைக்கிறார், கண்ணில் பூசுகிறார், குளத்துக்குப் போய்த் தண்ணீரில் கழுவச் சொல்கிறார். அந்த இடத்தைப் பிள்ளைகளை நடிக்கவே வைக்கலாம்.

நம் வேலையும் தண்ணீரில்தான் இருக்கிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. வற்ற வற்றக் கொதித்தால் அளவு கூடத்தான் செய்யும். இதைத் தெரியாத தாய்மார் நிறையப் பேர், வகுப்புக்குக் கூட்டிவர வரும்போது சொல். குடிக்கவும் உலை வைக்கவும் ஒகேனக்கல் தண்ணீர், துணிக்கும் பாத்திரத்துக்கும் போர்வெல் தண்ணீர் என்று குடம் பிரித்து வைத்தால் போதும். சோறும் களியும் தண்ணீரைக் குடித்துத்தான் வேகின்றன, அதனால் உலைத் தண்ணீர் முக்கியம். சுண்ணாம்புச்சத்து நிறைய இருந்தால் ஃப்ளோரைடு உடலில் சேர்வது குறையும். நம் கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. காலையில் ஒரு டம்ளர் டீயும் பன்னும் என்று மாறிவிட்ட வீடுகளில் கூழைத் திரும்பக் கொண்டுவரச் சொல். தேயிலையிலும் ஃப்ளோரைடு உண்டு, சின்னப் பிள்ளைகளுக்கு டீயே வேண்டாம். பட்டாணி அளவுக்கு மேல் பற்பசை வைக்கக் கூடாது, விழுங்கக் கூடாது. செங்கல் தூளோ கரித்தூளோ போட்டுத் தேய்த்துக் கறையை எடுக்கப் பார்ப்பார்கள், அது உள்ள எனாமலையும் தேய்த்துவிடும். கறையை மறைக்கப் பல் மருத்துவரிடம் வழி இருக்கிறது. அவன் கொஞ்சம் வளர்ந்ததும், வேண்டும் என்று அவனே கேட்டால், நீயே கூட்டிப்போ.

அவனுக்குத் தம்பியோ தங்கையோ இருக்கிறார்களா என்று விசாரி. நான்கு வயதுக்குள் ஒரு பிள்ளை அந்த வீட்டில் இருந்தால், அதன் பல் இப்போதுதான் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கிறது. அதைக் காப்பாற்ற இன்னும் நேரம் இருக்கிறது. அந்த வீட்டுத் தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடு. பாட்டிலை அந்தப் பையனையே தூக்கிவரச் சொல்.

முடிவு வந்ததும் அந்தத் தண்ணீரின் அளவையும் அம்மாவின் சர்க்கரை அளவையும் ஒரே கடிதத்தில் எழுது. காத்திருப்பேன்.